நார்மல் என்று சொன்ன ரத்தம்

பயம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதற்குச் சம்பளமும் கொடுப்பார்கள் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ரத்தத்தில் உள்ள புரதங்களை அளந்து, அதிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகளை உருவாக்குவது என் தொழில். உடம்பில் சில உறுப்புகள் அடிபட்டால் அவற்றுக்கே உரிய புரதம் ரத்தத்தில் கசியும். கசிவு துளியூண்டுதான் இருக்கும். அதைப் பிடிக்க வேண்டும். கேட்பவர்களுக்கு இது பெரிய விஞ்ஞானமாகத் தெரியும். பக்கத்தில் வந்து பார்த்தால், காலையிலிருந்து சாயங்காலம் வரை பிளாஸ்டிக் தட்டில் இருக்கும் சின்னக் குழிகளில் சொட்டுச் சொட்டாக விடுவது, கழுவுவது, மறுபடி விடுவது, மறுபடி கழுவுவது. "வீட்டுல ஒரு டம்ளர் கழுவ மூக்கால அழுவா, அங்க போய் நாள் பூரா கழுவுறா" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இந்த வேலையில் தப்பு இரண்டு விதமாக நடக்கும். இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இருக்கிற நோயை இல்லை என்று சொல்லிவிடலாம். முதல் தப்பு நடந்தால் அந்த ஆள் நேரில் வந்து சண்டை போடுவார். இரண்டாவது நடந்தால் சண்டை போட அவர் இருக்கமாட்டார். அதனால் எனக்கு எப்போதும் இரண்டாவதன் மேல்தான் பயம். தேடும் புரதம் இருந்தால் குழியில் நிறம் வரும். நிறம் வராத குழியைப் பார்க்கும்போதெல்லாம், உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, இல்லை எங்கள் கண்ணில் படாமல் தப்பிவிட்டதா என்று சந்தேகம் வரும். என்னோடு வேலை செய்கிறவர்கள் நிறம் வந்த குழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வராததையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இந்தப் பயத்தை வெள்ளைக் கோட்டோடு சேர்த்து ஆய்வுக்கூடத்திலேயே மாட்டிவிட்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சுட்டால் போதும், ரத்தம் எடுக்கச் சொல்லித் துரத்துவேன். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் தினமும் விடிந்ததும் பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து அல்சூர் ஏரி வரை சைக்கிள் மிதிக்கிறவர். ஒரு முறை அவருடைய ரிப்போர்ட்டில் புராஸ்டேட் சுரப்பியின் புரதம் கொஞ்சம் கூடியிருந்தது. நான் போட்ட கூச்சலில் மனிதர் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கிற வரைக்கும் போய்விட்டார். ஒன்றும் இல்லை. சைக்கிள் சீட்டில் அழுத்தி உட்கார்ந்ததில் ஏறியிருக்கலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து மாமா எனக்கு வைத்த பெயர் ஆம்புலன்ஸ். "சத்தம்தான் பெருசா வரும், உள்ள ஆள் இருக்காது" என்று விளக்கமும் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்த ஊசியை அவர் மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டும். அதை நாங்கள் நல்ல ரத்தம் என்போம். அதைக் கொடுக்க வருகிறவர்களிடம், வயதைக் கேட்பதற்கு முன்னால், "முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்போம். பெங்களூரில் யாரைக் கேட்டாலும் முடி கொட்டுகிறது என்பார்கள். போன வருடம் சேலத்திலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பெண்ணும் சரி, தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருக்கிற குடும்பமும் சரி, ஒரே பல்லவிதான்: இந்த ஊர்த் தண்ணி. போர்வெல் தண்ணி, டேங்கர் தண்ணி. தண்ணியை மாற்ற முடியாது என்பதால் மாத்திரை சாப்பிடுவார்கள். அதில் பயோட்டின் என்கிற வைட்டமினை அள்ளிப் போட்டிருப்பார்கள். உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் கிடையாது. எங்கள் பரிசோதனைக்கு அது சரியான வில்லன்.

எப்படி என்றால், குழியின் சுவரில் கொக்கி மாதிரி ஒன்றை ஒட்டி வைத்திருப்போம். அந்தக் கொக்கி பயோட்டினைக் கண்டால் விடாது. அதனால், புரதத்தைப் பிடிப்பதற்காக நாங்கள் அனுப்பும் பொருளின் வாலில் பயோட்டினைக் கட்டி அனுப்புவோம். அது புரதத்தையும் பிடித்துக்கொண்டு போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, மாட்டியதை எண்ணுவோம். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் என்ன ஆகும்? பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்களே, அந்தக் கதைதான். எல்லாச் சீட்டிலும் துண்டு கிடக்கும். உண்மையான பயணிகள் உட்கார இடமில்லாமல் இறங்கிப் போய்விடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணும் கண்டக்டர், இன்று கூட்டமே இல்லை என்பார்.

இதில் சங்கடம் என்னவென்றால், யாரும் அதை மருந்து என்றே நினைப்பதில்லை. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், இல்லை என்பார்கள். பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுவதுதான் மாத்திரை. முடிக்குச் சாப்பிடுவது பவுடர், கண்மை கணக்கில் சேர்ந்துவிடும். அதனால்தான் முடி என்று சொல்லியே கேட்கிறோம். அப்படிக் கேட்டும் வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ரொம்ப மூத்தவள். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, பள்ளிக்கூடம் போகிற வழியில் கசாப்புக் கடை நாய்கள் படுத்திருக்கும். நான் நடுங்கிப் போய் நின்றுவிடுவேன். அக்கா என்னை ஒரு பக்கம் விட்டு, நாய்கள் இருக்கும் பக்கமாக அவள் நடப்பாள். அவள் இரண்டு கையிலும் பை இருக்கும். அதனால் அவள் ஜடையின் நுனியை நான் பிடித்துக்கொள்வேன். "புடிச்சுக்க, கீழ பாக்காத, வா" என்பாள். அவ்வளவு நீளமான ஜடை. ஐம்பதைத் தாண்டியதும் அது எலிவால் மாதிரி மெலிந்துபோனது. அவளுக்கு அது பெரிய துக்கம். போர்டில் எழுதத் திரும்பினால் பிள்ளைகள் தன் பின்மண்டையைப் பார்க்கிறார்கள் என்று புலம்புவாள். நான் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்பேன். "உன்கிட்ட போய் சொன்னேன் பாரு" என்று பேச்சை மாற்றுவாள். பிறகு ஒரு கட்டத்தில் அந்தப் புலம்பல் நின்றுவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விவேக் நகர் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து, வழக்கம்போல அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கறிக்குழம்பு வாசனை வாசல் வரைக்கும் வந்தது. அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். நைட்டியின் கழுத்தெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. விடிகாலையிலேர்ந்து தாடை வலிச்சுக்கினே இருக்கு. பல்லுனு நெனச்சேன். இப்ப நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. நேத்து தின்ன பானிபூரிதான்."

மாமாவைக் கூப்பிட்டேன். அவரும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலி பேசாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார். பக்கத்திலேயே ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். டூட்டி டாக்டர் இளைஞர், கன்னடக்காரர், எங்களோடு கன்னடம் கலந்த தமிழில் பேசினார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார்.

"ஒரு மாத்திரை கெடையாது டாக்டர். தலைவலிக்குக்கூட சாப்பிட மாட்டேன்" என்றாள் அக்கா பெருமையாக.

ரத்தம் எடுத்துப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். கதவு திறந்து மூடும்போது மேசைமேல் இருந்த இயந்திரம் தெரிந்தது. அது எந்த முறையில் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அதே முறைதான். இதயத் தசை செத்தால் கசிகிற புரதத்தைத் தேடுகிறார்கள். நான் மரப் பெஞ்சில் உட்கார்ந்து, மாதாவே, ஒன்றும் வரக்கூடாது, ஒன்றும் வரக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க வராத நிறத்தைக் கண்டு பயந்தவள், அன்றைக்கு அது வரக்கூடாது என்று கெஞ்சினேன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "எல்லாம் நார்மல் மேடம். சொல்ப கேஸ்ட்ரிக், கொஞ்சம் வாயுதான், அஷ்டே. சும்னே பயப்படாதீங்க." வாயுவுக்கு ஊசி போட்டதில் அக்காவின் வலியும் கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. நானும் நம்பிவிட்டேன். மாமா என் தோளைத் தட்டி, "என்ன ஆம்புலன்ஸ், சைரனை ஆஃப் பண்றியா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அக்கா எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினாள். அடுப்பில் சோறு வைக்கவில்லை என்பதுதான் அவள் கவலை.

இன்ஷூரன்ஸ் கார்டு வேண்டும் என்று கவுன்டரில் கேட்டார்கள். "பையில பாரு பாப்பா" என்றாள். அவள் கைப்பைக்குள் கையை விட்டேன். சாக்பீஸ் துண்டு, ஜெபமாலை, மூக்குக் கண்ணாடிக் கூடு. அவற்றுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. வெளியே எடுத்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் குழந்தைகள் சாப்பிடும் ஜெல்லி மாதிரி இருந்தன. மூடியில் பளபளவென்று கூந்தலோடு ஒரு பெண் படம். பாதிக்கு மேல் காலி. திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். பயோட்டின் என்றிருந்தது. அளவையும் பார்த்தேன். எங்களிடம் வந்திருந்தால் அந்த ரத்தத்தைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த அறையில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள், எனக்கு மட்டும் அந்த நிம்மதி திகிலாக இருந்தது. அக்காவின் ரத்தத்தில் அந்தப் புரதம் இல்லை என்று இயந்திரம் சொல்லவில்லை. தன்னால் எண்ண முடியவில்லை என்பதைத்தான் அது நார்மல் என்று சொல்லியிருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று இப்போது யாருக்குமே தெரியாது.

"அக்கா, இதை இன்னிக்கும் சாப்பிட்டியா?"

"காலைல ரெண்டு. ஏன், அதுல என்ன? மிட்டாய்தானே" என்றாள். பிறகு மாமா பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டாள். ஒரு வருடமாக அவருக்குத் தெரியாமல் சாப்பிட்டிருக்கிறாள்.

டாக்டரிடம் ஓடினேன். வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அவருக்குப் புரியவில்லை. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸையும் துண்டையும் கண்டக்டரையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. டப்பாவை வாங்கிப் பார்த்தார். "படிச்சிருக்கேன் மேடம். பார்த்ததில்லை" என்றார். மறுபடி ரத்தம் எடுக்கட்டுமா என்றார். இதே இயந்திரத்தில் எடுத்தால் இதே பொய்யைத்தான் சொல்லும், வேறு முறையில் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போக வேண்டும் என்றேன். "லெட்டர் கொடுக்கிறேன். ஆனா பேஷன்ட் ஒத்துக்கணும்" என்றார்.

பேஷன்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பேஷன்டின் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"டாக்டரே நார்மல்னு சொல்லிட்டார். உனக்கு நார்மல்னா ஆவாது. யாருக்காவது ஏதாவது இருந்தாத்தான் உனக்குத் தூக்கம் வரும். எனக்குக் குத்தினது பத்தலையா? இவளையும் குத்தணுமா? பேஜார் பண்ணாத, வீட்டுக்கு வா."

"சொல்ப நேரம் படுத்தா சரியாயிடும் பாப்பா" என்றாள் அக்கா. செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். கொக்கியைச் சொன்னேன், கழுவுவதைச் சொன்னேன், எத்தனை முறை எங்கள் கண்ணெதிரிலேயே இப்படி ஏமாந்திருக்கிறோம் என்று சொன்னேன். மாமா ஆட்டோவைப் பார்க்க வாசலுக்குப் போனார். நான் தப்பாகவும் இருக்கலாம். வெறும் வாயுவாகவே இருக்கலாம். அப்படியானால் இந்த வீட்டில் இனி என் பேச்சு எடுபடாது. ஆனால் அக்கா அடுத்த செருப்பையும் போட்டுவிட்டால், ஆட்டோவில் ஏறிவிட்டால், வீட்டில் போய்ப் படுத்துவிட்டால்? விஞ்ஞானம் எல்லாம் தீர்ந்துபோய், மிச்சம் இருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏங்க, ஆட்டோ வேணாம். இவ பயப்படுறா. போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். தனக்காக இல்லை, என் பயத்தைப் போக்கத்தான் அவள் வரச் சம்மதித்தாள்.

டாக்டர் ஒரு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லிக் கொடுத்து, தங்கள் ஆம்புலன்ஸிலேயே அனுப்பினார். "ஆம்புலன்ஸே ஆம்புலன்ஸ்ல போவுது" என்று அக்கா படுத்தபடியே மாமாவைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பாதி வழியில் அக்கா பேச்சை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஈரமாக இருந்தன. சிக்னலில் சைரன் அலறியும் வண்டிகள் ஒதுங்க இடமில்லாமல் நின்றன. வழி விடுங்கள், வழி விடுங்கள் என்று நான் கண்ணாடிக்கு உள்ளிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே யாருக்கும் அது தெரிந்திருக்காது.

பெரிய ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக ஜெல்லி டப்பாவை நீட்டினேன். அங்கே வேறு முறையில் அளக்கும் இயந்திரம் இருந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டு அக்காவைத் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். மாமாவும் நானும் நாற்காலிகளில் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தோம். ஒன்றும் இருக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டிருக்கும்போதே, ஒன்றும் இல்லை என்று வந்தால் மாமா முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பும் ஓடியது. அந்த நினைப்பு எந்தப் பதிலை விரும்புகிறது என்று யோசித்தபோது என்னைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது.

டாக்டர் அம்மா ஒருவர் வந்தார். புரதம் வந்திருக்கிறது, நிறையவே வந்திருக்கிறது, இரண்டாவது ஈ.சி.ஜி.யிலும் மாற்றம் தெரிகிறது, மாரடைப்புதான், உடனே ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

"அப்பாடா" என்றேன் நான்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். மாமா திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அவர் மனைவிக்கு மாரடைப்பு என்று கேட்டு நிம்மதியாக மூச்சுவிட்ட பெண் நான். கண்ணுக்குத் தெரியாமல் நின்றது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, இனி அதோடு சண்டை போடலாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். அதை அவரிடம் எப்படி விளக்குவது? அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதில் அவர் பெயர் பாதிதான் தெரிந்தது. அப்புறம் வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என்னிடம் கொடுத்தார். அந்த அப்பாடாவைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை. ஆம்புலன்ஸ் என்று அவர் என்னைக் கூப்பிடுவதும் அன்றோடு நின்றது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்து அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்த மிட்டாயை இனிமே சாப்பிடக் கூடாதா?" என்பது.

எங்கள் பரிசோதனையில் அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் மல்லுக்கட்டி, இப்போது அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் ஊரெல்லாம் அந்த மாதிரி இயந்திரங்கள் இருக்கின்றன, எல்லா மருந்துக் கடையிலும் அந்த டப்பா இருக்கிறது. பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் அடர்த்தியான கூந்தலைப் பார்த்தால் என்னால் சும்மா ரசிக்க முடிவதில்லை. யாராவது ரிப்போர்ட் நார்மல் என்று சந்தோஷமாகச் சொன்னால், முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா என்று கேட்டுவிடுகிறேன்.

அக்கா அந்த மிட்டாயை நிறுத்தினாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் சீப்பைக் கொண்டுவந்து காட்டுவாள். "பாரு, உன்னாலதான்." நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் அந்தச் சீப்பைப் பார்க்கத்தான் வாரா வாரம் போனேன். கொட்டுகிற வரைக்கும் அவள் ரத்தத்தை நம்பலாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி நடந்தபோது, முதுகில் ஜடை புரண்டது. கனமாக, இடுப்பு வரைக்கும். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். அவள் சமையலறைக்குள் போனதும் கட்டில்மேல் இருந்த அவள் கைப்பையைத் திறந்தேன். சாக்பீஸ், ஜெபமாலை, கண்ணாடிக் கூடு, இதயத்துக்குக் கொடுத்த மாத்திரைகள். டப்பா இல்லை. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். பீரோ கதவைத் திறந்து புடவைகளுக்கு அடியில் கையை விட்டேன்.

"என்ன தேடுற?"

அக்கா வாசற்படியில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் என்னையும் பீரோவையும் பார்த்தாள். கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் ஹேர்பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஜடை மொத்தமாகக் கழன்று வந்தது. அதற்கு உள்ளே அவளுடைய சொந்த முடி சுண்டுவிரல் பருமனில் தொங்கியது.

"சவுரிடி. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுல வாங்கினேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். நான் அழுவதைக் கண்டு பக்கத்தில் வந்து, சவுரியை என் கையில் வைத்தாள்.

"இந்தா, புடிச்சுக்க."

நான் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.